விருது வாங்கிய நாவல் ஐம்பதாம் பக்கத்தில் நின்றால் கோளாறு யாரிடம்?

நீங்கள் கேட்டது, சமீபத்தில் படித்த நாவல்களில் எது நல்லது, சொந்தக் கருத்தைச் சொல்லுங்கள் என்று. ஆனால் அதற்குக் கீழே எழுதியிருந்த நாலு வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் பட்டது. சாகித்திய அகாதெமி வாங்கியது, வெளிநாட்டுப் பரிசுப் பட்டியலில் வந்தது என்று பார்த்துப் பார்த்து வாங்கி அடுக்கியிருக்கிறீர்கள், எதிலும் ஐம்பது அறுபது பக்கம் தாண்ட முடியவில்லை, எல்லோரும் மகத்தான நாவல் என்கிறார்கள், அப்படியானால் கோளாறு உங்களிடமா நாவலிடமா. இதற்குப் பொத்தாம்பொதுவாகப் பதில் சொன்னால் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். அதனால் உங்கள் பட்டியலில் இருந்தவற்றில் நான் இந்த ஒன்றிரண்டு வருஷத்தில் படித்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, எங்கே இழுத்தது, எங்கே விட்டது என்று சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். விமர்சகன் இல்லை. பதிப்பகங்களுக்குப் புரூஃப் பார்த்து, அதாவது அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்திக் கொடுத்துப் பிழைப்பவன், அதுவும் பெரும்பாலும் நாவல்கள்தான். கீழே வருகிற எதற்கும் நான் புரூஃப் பார்த்தது கிடையாது, காசு கொடுத்து வாங்கிப் படித்தவை. ஆனால் தொழில் கண்ணை விட்டுப் போகாது. புரூஃப் தாளில் வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துத்தான் படிப்போம், இல்லாவிட்டால் கண் அடுத்த வரிக்குத் தாவிவிடும். ஒரு கட்டத்தில் எனக்கு ஒரு பழக்கம் வந்தது: உரையாடல் வரும்போது 'என்றான்', 'என்றாள்' என்கிற இடத்தை ஸ்கேலால் மூடிவிட்டுப் பேசுவது யார் என்று தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் ஆசிரியர் அந்த ஆட்களோடு வாழ்ந்திருக்கிறார். தெரியாவிட்டால் ஒரே ஆள் குரலை மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். இது முழு அளவுகோல் இல்லை, பேச்சே இல்லாத நல்ல நாவல்களும் உண்டு. ஆனாலும் அட்டையில் இருக்கும் பாராட்டுகளைவிட எனக்கு இது உதவியிருக்கிறது.

உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் நாவல் எதைப் பற்றியது என்று பேசி முடித்துவிட்டு நாவலைப் பற்றிப் பேசிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். நீர் மேலாண்மை, சாதி ஆணவம், போர், அகதி வாழ்க்கை என்று விஷயம் பெரிதாக இருந்தால் போதும், மதிப்புரை தானாக எழுதிக்கொள்ளும். படிக்கிற உங்களுக்கோ ஐம்பதாம் பக்கத்தில் அந்த விஷயம் கண்ணில் படாது, ஒரு ஆளும் அவன் பேச்சும்தான் படும். அந்த ஆள் பிடிபடவில்லை என்றால் புத்தகம் கவிழ்ந்துவிடும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சரி, இமையத்தின் 'செல்லாத பணம்'. 2018-ல் வந்தது, 2020-ம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது இதற்குத்தான். கதையைச் சொன்னால் சுவாரஸ்யம் கெடாது, ஏனென்றால் கதை அவ்வளவுதான்: இன்ஜினியரிங் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டுகிற ரவியை வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொள்கிறாள். ரவி பர்மாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்துப் பையன். பிறகு ஒருநாள் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். அப்பா நடேசன் தலைமை ஆசிரியர், கையில் பணம் இருக்கிறது, அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு அந்த இடத்தில் ஒன்றும் செய்ய முடியவில்லை. நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காய வார்டிலும் அதற்கு வெளியிலும்தான் நடக்கிறது.

இதில் நீங்கள் எரிச்சல்பட்டதாக எழுதியிருந்த விஷயம், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்பது. ஆமாம், சொல்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும். ஒவ்வொரு சொந்தக்காரராக வருவார்கள், ஒவ்வொருவரும் "எப்படி ஆச்சு?" என்று கேட்பார்கள், பெற்றவர்கள் முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். சொல்லச் சொல்லக் கதை கொஞ்சம் கொஞ்சமாக மாறும். முதலில் மகள்மேல் இருந்த கோபம் மருமகன்மேல் போகும், அப்புறம் தன்மேலேயே திரும்பும். இமையம் இதை விளக்குவதே இல்லை, பேசவிட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறார். என் ஸ்கேல் சோதனையில் இந்த நாவல் நன்றாகத் தேறுகிறது. நடேசன் பேசுவதும் ரேவதியின் அம்மா அமராவதி பேசுவதும் ஒரே ஊர்ப் பேச்சுதான், ஆனால் ஆளை மூடிவிட்டுப் படித்தாலும் தெரிகிறது. அப்பாவின் வாக்கியங்களில் ஊர் என்ன சொல்லும் என்பது கூடவே வரும், அம்மாவின் வாக்கியங்களில் பிள்ளை சின்னதாக இருந்தபோது நடந்தது வரும்.

எனக்குச் சந்தேகம் இருப்பது ரவி தன் பக்கத்தைச் சொல்கிற இடத்தில். அவன் பக்கத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்கிற நியாய உணர்வு ஆசிரியருக்கு இருக்கிறது, அது நல்லதுதான். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு வக்கீல் வாதத்தின் ஒழுங்கு வந்துவிடுகிறது, அதுவரை இருந்த தடுமாற்றமும் திக்கலும் காணாமல் போகிறது. என் நண்பர்களில் பாதிப் பேர் நாவலின் உச்சமே அந்த இடம்தான் என்கிறார்கள். இரண்டாம் தடவை படித்தும் எனக்குத் தீரவில்லை, நீங்களே படித்துப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதைப் படித்த சூட்டோடு 'மரக்கறி' படித்தேன். ஹான் காங் எழுதிய கொரிய நாவல், 2016-ல் சர்வதேச புக்கர் வாங்கியது, அவருக்கு 2024-ல் நோபல் கிடைத்தபோது இங்கே மறுபடி பேச்சு எழுந்தது. தமிழில் சமயவேல் செய்திருக்கிறார். ஒரு பெண் திடீரென்று இறைச்சி சாப்பிடுவதை நிறுத்துகிறாள். மூன்று பகுதி: முதலில் கணவன் சொல்கிறான், அடுத்தது அக்காள் கணவன் பக்கம், கடைசியில் அக்காள். நிறுத்தியவள் தன் வாயால் சொல்வது சில கனவுத் துணுக்குகள் மட்டுமே. இந்த இரண்டு நாவலையும் அடுத்தடுத்துப் படித்ததில் ஒன்று தெரிந்தது: அங்கேயும் இங்கேயும் ஒரு பெண் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், சுற்றி நிற்கிறவர்கள் அவளைப் பற்றிப் பேசிப் பேசித் தங்களைக் காட்டிக்கொடுத்துக்கொள்கிறார்கள். ஜிப்மரில் அந்தக் கூட்டம் அழுகிறது, கொரியத் தலைநகர் சோலில் அது நாகரிகமாக விலகிப் போகிறது. கணவன் பேசுகிற முதல் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது, சுயநலத்தை இவ்வளவு சாதாரணக் குரலில் எழுதுவது கஷ்டம். நடுப்பகுதியில் வருகிற ஓவியம், வீடியோ சமாச்சாரங்கள் எனக்குக் கொஞ்சம் ஜோடனையாகத் தெரிந்தன. மொழிபெயர்ப்பில் படிக்கிறவன் நடையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது என் கொள்கை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

நீங்கள் அதிகம் திட்டியது சோ. தர்மனின் 'சூல்' நாவலை. 2019-ம் ஆண்டின் சாகித்திய அகாதெமி. உங்கள் குறை: யார் கதாநாயகன் என்றே தெரியவில்லை, பக்கத்துக்குப் பத்துப் பெயர் வருகிறது. கதாநாயகன் கண்மாய், அந்த ஊரின் ஏரி. இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் நீங்கள் நூறு பக்கம் கூடப் போயிருப்பீர்கள். உருளைக்குடி என்கிற ஊர், அது ஆசிரியரின் சொந்த ஊரும்கூட, எட்டயபுரம் பக்கம். கரிசல் காட்டில் மழை எப்போதாவதுதான் கொட்டும், கொட்டியதைப் பிடித்து வைத்தால்தான் வருஷம் ஓடும். கண்மாய் வற்றினால் ஊரே இறங்கி அடியில் படிந்த வண்டல் மண்ணான கரம்பையை அள்ளி வண்டியில் வயலுக்கு அடிக்கும், வயலுக்கும் உரம், கண்மாய்க்கும் ஆழம். தண்ணீர் நிறைந்தால் மடையைத் திறக்கவும் மூடவும் ஒரு ஆள், அவன் வைத்ததுதான் முறை. பெரிய சம்சாரி, அதாவது விவசாயி, என்றாலும் அவன் முறை வரும்வரை வரப்பில் நிற்க வேண்டும். இதையெல்லாம் தர்மன் தகவலாகத் தருவதில்லை. கிண்டலும் கெட்ட வார்த்தையும் பேயும் சாமியுமாக, மரத்தடியில் உட்கார்ந்து ஒருத்தர் சொல்வதுபோலப் போகிறது. ஒருத்தர் கதையிலிருந்து அடுத்தவர் கதைக்குப் போவதற்கு ஒரு காரணமும் தேவையில்லை, ஊர்ப்பேச்சு அப்படித்தான் தாவும்.

ஆக முதல் பாதியில் கோளாறு உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது: ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு போகிற நாவலாக எண்ணி உள்ளே போயிருக்கிறீர்கள். பின்பகுதியில் கோளாறு நாவல் பக்கம். சுதந்திரத்துக்குப் பிறகு கண்மாய் ஊர் கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்குப் போகிறது, கட்சிகள் வருகின்றன, மரம் வெட்டப்படுகிறது, எல்லாம் நாசமாகிறது. நடந்த உண்மைதான், கோபமும் நியாயம். ஆனால் அங்கே பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் பேசுவதை விட்டுவிட்டு நம்மைப் பார்த்துப் பேச ஆரம்பிக்கிறார்கள். ஸ்கேலை வைத்தால் எல்லாம் ஒரே குரல், ஒரே கட்டுரை. முன்பகுதியில் அவ்வளவு நக்கல் தெரிந்த ஆசிரியருக்கு ஊரின் பழைய காலத்தைப் பார்த்து மட்டும் சந்தேகமே வரவில்லை என்பதும் எனக்கு உறுத்துகிறது. இது என் ரசனை சார்ந்த குறை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன், ஆனால் குரல் ஒன்றாகிவிடுகிறது என்பது ரசனை இல்லை, எந்தப் பக்கத்தைத் திறந்தும் காட்டலாம்.

இங்கே ஒரு கிளைக்கதை. பின்பாதி தளர்வது தமிழ் நாவல்களில் அடிக்கடி நடக்கிறது, காரணம் எப்போதும் ஆசிரியர் மட்டும் இல்லை. ஜனவரிச் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் வந்தாக வேண்டும் என்று நவம்பரிலும் டிசம்பரிலும் நாவல்கள் வந்து குவியும். முதல் நூறு பக்கத்தை மூன்று பேர் மூன்று தடவை படித்திருப்பார்கள். கடைசி நூறு பக்கம் எனக்கு இரவு வந்து காலையில் அச்சுக்குப் போகும். ஒரு நாவலில் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் செத்துப்போன பெரியம்மா முப்பதாம் அத்தியாயத்தில் காபி போட்டுக் கொடுத்தாள், தற்செயலாகக் கண்ணில் பட்டதால் தப்பித்தது. எடிட்டர் என்று ஒருவர் உட்கார்ந்து 'இந்த அத்தியாயம் வேண்டாம்' என்று சொல்கிற வழக்கம் இங்கே மிகச் சில இடங்களில்தான் இருக்கிறது. மேலே நான் பேசுகிற நாவல்களுக்கு இப்படி நடந்தது என்று சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். உங்களுக்கு ஒரு நாவல் முந்நூறாம் பக்கத்தில் அலுத்தால், எழுதியவருக்கும் அச்சடித்தவருக்கும் அங்கேயே அலுத்திருக்க வாய்ப்பு உண்டு.

பெருமாள்முருகனில் நீங்கள் 'ஆளண்டாப் பட்சி'யை வாங்கியிருக்கிறீர்கள், 2023-ல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு ஜேசிபி இலக்கியப் பரிசு கிடைத்தது என்பதால் என்று நினைக்கிறேன். அதே ஆண்டு 'பூக்குழி'யின் மொழிபெயர்ப்பு சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் வந்தது. இரண்டில் உங்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பது 'பூக்குழி'யைத்தான். சின்ன நாவல். சோடாக்கடையில் வேலை பார்க்கிற குமரேசன், டவுனில் பார்த்துப் பழகிய சரோஜாவைக் கல்யாணம் பண்ணி ஊருக்குக் கூட்டி வருகிறான். கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறான், அவள் அதை நம்ப முயற்சி செய்கிறாள். யார் என்ன சாதி என்று நாவலில் எங்கேயும் இல்லை. அதைச் சொல்லாததால் அந்த ஊரின் ஒவ்வொரு விசாரிப்பும், "எந்த ஊரு, என்ன ஆளுங்க?" என்கிற மாதிரியான ஒவ்வொரு குசலமும் கத்தியாக மாறுகிறது. மாமியாரின் புலம்பல் இருக்கிறதே, பாட்டாகவே போகும், சபித்துக்கொண்டே இருப்பாள், அந்தக் குரலை ஒருமுறை கேட்டால் பேரைச் சொல்லவே வேண்டாம். வெயிலை எழுதியிருக்கிற விதமும் அப்படி, பாறைமேல் ஒரு வீடு, நிழலுக்கு ஒதுங்க இடமில்லை. நாவல் 2013-ல் வந்தது, சாதி மறுப்புத் திருமணம் செய்து அதே ஆண்டு இறந்துபோன தருமபுரி இளவரசனுக்குக் காணிக்கை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் ஆசிரியர் எவ்வளவு அடக்கி எழுதியிருக்கிறார் என்பது தெரியும்.

'ஆளண்டாப் பட்சி' அதற்கு நேர் எதிர், மெதுவாக நகரும். சொத்துப் பிரிவினையில் ஏமாந்த முத்து, பண்ணையாள் குப்பனைக் கூட்டிக்கொண்டு மாட்டுவண்டியில் நிலம் தேடிப் போகிறான். ஒரு சம்சாரி மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பது, கிணற்றை எட்டிப் பார்ப்பது, இதிலெல்லாம் உங்களுக்கு ஈடுபாடு இருந்தால் இழுக்கும், இல்லாவிட்டால் வண்டி எப்போது ஊர் போய்ச் சேரும் என்றுதான் இருக்கும். எனக்கு இழுத்தது. ஆனால் இந்த விஷயத்தில் என் கருத்தைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து எடுத்துக்கொள்ளுங்கள், நான் கரூர்ப் பக்கம், கொங்குப் பேச்சு காதில் விழுந்தாலே எனக்குப் பாதி மனசு இளகிவிடும்.

அதே தள்ளுபடி தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' நாவலுக்கும் பொருந்தும், 2023-ம் ஆண்டின் சாகித்திய அகாதெமி. புறநானூற்று வரியைத் தலைப்பாகப் பார்த்துவிட்டு ஏதோ தத்துவ நாவல் என்று ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். உள்ளே இருப்பது ஒரு சாவு வீடு. காரு மாமா செத்துப் போகிறார், நாவிதர் குடும்பம், சொந்தங்கள் எல்லாம் வந்து கூடுகிறார்கள், மருமகன் சொல்கிறான். யாருக்கு யார் என்ன முறை என்று புரிவதற்குள் கொஞ்சம் தலை சுற்றும். நான் பின்னட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் உறவுமுறை எழுதி வைத்துக்கொண்டு படித்தேன், அப்புறம் அது தேவைப்படவில்லை. இந்த மக்கள் ஊராருக்கு முடி வெட்டுவதிலிருந்து நல்லது கெட்டது எல்லாவற்றிலும் முன்னால் நிற்க வேண்டியவர்கள். தங்கள் வீட்டுச் சாவு என்று வரும்போது அவர்களுக்குள் இருக்கிற கோபமும் பாசமும் பழைய கணக்கும் எப்படி வெளியே வருகிறது என்பதுதான் நாவல். பெரிய சம்பவம் எதுவும் இல்லை. என் வாசிப்பில் உங்கள் பட்டியலிலேயே முழுக்க முழுக்க நிற்கிற நாவல் இதுதான், ஒரு அத்தியாயத்தைக்கூட எடுத்துவிடத் தோன்றவில்லை.

சயந்தனின் 'ஆதிரை' பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இலங்கையின் மலையகத்திலிருந்து வடக்கே வன்னிக்கு வந்து குடியேறியவர்களையும் சேர்த்துக்கொண்டு போரைச் சொல்வதால் மற்றப் போர் நாவல்களிலிருந்து அது தனியாக நிற்கிறது. கனமான புத்தகம், மொத்தமாக ஒரு வாரம் ஒதுக்க முடிந்தால் மட்டும் எடுங்கள், விட்டு விட்டுப் படித்தால் ஆட்கள் நழுவிவிடுவார்கள். அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்கள் அதில் எது சரி, எது விடுபட்டது என்று சொல்வதற்கு முன்னால் என்னைப் போன்றவர்கள் பேசாமல் இருப்பதுதான் மரியாதை.

கடைசியாக, பட்டியலில் இல்லாத ஒன்று. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைப் போன மழைக்காலத்தில் மறுபடி படித்தேன். 1972-ல் வந்தது, எந்தப் பெரிய விருதும் வாங்கியதில்லை. சிங்கம்புணரிக்காரர், இளவயதில் இந்தோனேசியாவின் மேடானுக்கு வேலைக்குப் போய் இரண்டாம் உலகப்போரை அங்கிருந்தே பார்த்தவர், திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். நாவல் ஜப்பான் படை மேடானுக்குள் நுழைவதில் ஆரம்பிக்கிறது, பினாங்குக்குத் தொங்கான் என்கிற பாய்மரக் கப்பலில் போகும்போது அடிக்கிற புயல் ஒன்று வரும், அதைப் படிக்கும்போது எழுந்து தண்ணீர் குடிக்கத் தோன்றாது. வட்டிக்கடைச் செட்டியார் பேச்சு, மலாய், குடித்துவிட்டுத் தமிழ் இலக்கியத்தைக் கிழிக்கிற இளவட்டங்கள், நடுவில் மதுரைத் தெருக்களின் ஞாபகம். ஸ்கேல் வைக்க மறந்துவிட்டேன். முதல் முப்பது பக்கம் பெயர்களும் ஊர்களும் குழப்பும், குழம்பிக்கொண்டே போகலாம்.

ஆக உங்களுக்கு நான் சொல்லக்கூடியது: 'பூக்குழி'யை ஒரு சனி ஞாயிறில் முடியுங்கள், பிறகு 'நீர்வழிப் படூஉம்', அதன் பிறகு 'செல்லாத பணம்'. வட்டாரப் பேச்சு தடுக்கினால் பத்துப் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள், கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரிந்துவிடும், இது என் தொழிலில் தினமும் பார்ப்பது. 'சூல்' முதல் பாதியை எங்கே திறந்தாலும் படிக்கலாம், பின்பாதியை உங்கள் பொறுமைக்கு விட்டுவிடுகிறேன். இதற்கு மேலும் ஏதாவது ஒன்று நின்றுபோனால் எந்த நாவல், எந்தப் பக்கம், அங்கே யார் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள், அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.